தொடக்க ஜோடியும் முன் சீட்டு டீச்சரும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டெஸ்டில் தொடக்க ஜோடியின் உலக சாதனை, சென்னையில் நம்மாட்கள் அடித்த 413தான் என்று நேற்றுவரை ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

இன்று விக்கிரமசிங்கபுரத்தில் கிரிக்கெட் பரிசளிப்பு. மைக்கில் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

முன் சீட்டில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் திரும்பினார்.

"அண்ணாச்சி, அதைத் தென்னாப்பிரிக்காக்காரன் எப்பவோ தாண்டிட்டான். 415."

"ரெண்டு ரன்னுதான டீச்சர், விட்டுக்குடுக்கப்படாதா?"

"மைக்குல சொல்லிப் பாருங்க. பயலுவ விட்டுக்குடுக்கானுவளான்னு தெரியும்."

டீச்சர், இதைப் படித்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள்.

415 என்று சரியாகச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

அந்தச் சந்தோஷத்தில், சிறந்த தொடக்க ஜோடிக்கான கோப்பையை மேடையோரம் சேர்ந்து நின்ற இருவர் கையில் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் அம்பயர்கள்.