முதலில் காய்ச்சல் கண்டது எனக்குத்தான்

ராசாத்தி அக்கா எங்கள் ஊருக்கு நோயைக் கொண்டு வரவில்லை. அவளுக்கு முன்பே அது என் உடம்பில் இருந்தது. இருந்தும் மறைத்தேன். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எங்கள் மலைக்காரர் இல்லை என்ற தைரியம்தான்!

கொரோனா ஊரடங்கு போட்டு ஒரு வருஷம் ஆன அன்று எங்கள் வீட்டில் சாமிக்குப் பொங்கல் வைத்தோம். யோசனை என் கணவருடையது. "ஊரு உலகமே செத்து சுண்ணாம்பாயிடுச்சு. நம்ம வூட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. ஆத்தாளுக்கு ஒரு கோழியாச்சும் அறுக்க வேணாவா?" என்றார். பிள்ளைகள் இரண்டும் குதித்தன. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகையில் கண் கலங்கியதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்!

முந்தைய ஐப்பசியில் என்ன நடந்தது, கேளுங்கள். கொல்லைக்காட்டில் சாமை முற்றி நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல மழை அடித்தால் மணியெல்லாம் உதிர்ந்துவிடும். எங்கள் பக்கம் அறுப்புக்குக் கூலியாள் வைப்பதில்லை. இன்று நீ என் கொல்லைக்கு வந்தால், நாளை நான் உன் கொல்லைக்கு. மறுநாள் எங்கள் முறை. எனக்கோ அன்றுதான் காய்ச்சல். கருவாட்டைச் சுட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தேன்... வாசனையே இல்லை. அது எதற்கு அறிகுறி என்று நர்ஸம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன்?

வாயைத் திறந்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். ஒரு வருஷச் சாப்பாடு மண்ணோடு போயிருக்கும். விடிந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு அரிவாளை எடுத்தேன்.

ஆறு பேர் வந்தார்கள். ராசாத்தி அக்கா என் பக்கத்தில் நின்று அறுத்தாள். மதியம் கூழ் குடிக்கச் சொம்பு போதவில்லை. நான் குடித்து வைத்த சொம்பிலேயே அவள் ஊற்றிக் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்... வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை! அதுகூட வரவில்லை எனக்கு.

மறுநாள் அவள் மலையிறங்கிக் கலசப்பாக்கம் போனாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு அன்றே பஸ் ஏறித் திரும்பினாள். நாலாம் நாள் படுத்தாள். பின்னாலேயே அவள் புருஷனும் படுத்தார். அவள் எழுந்தாள், அவர் எழவில்லை.

"கீழ எறங்கிப் போயி வாங்கியாந்துட்டா" என்றது ஊர். என் கணவர் வாரம் இரண்டு தடவை வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு கீழே போய் வந்தவர். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ராசாத்தி அக்காவின் கொல்லைக்கு மட்டும் யாரும் அறுக்கப் போகவில்லை. நானும்தான் போகவில்லை. அவளுடைய சாமை மழையில் உதிர்ந்து முளைத்துக் கிடந்தது.

அவள் கீழேயே வாங்கி வந்திருக்கலாம் அல்லவா என்று என் மனம் அவ்வப்போது வக்கீல் வேலை பார்க்கும். இருக்கலாம்... யார் கண்டது? ஆனால் எனக்குத்தான் முதலில் வந்தது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அன்று அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், நம்புங்கள்! மகள் ஐந்து மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை பாட்டியைப் பார்த்துத் தாவியது. அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னாம்மா, பேத்தியத் தொடக்கூட மாட்டியா?" என்று மகள் அழுதாள்.

"வேணாண்டி. இதப் பாக்க ஓடிப் போயிதான் உங்கப்பன முழுங்கிட்டேன். எங்கையி புள்ளைக்கு ஆவாது." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ தூக்கும்மா. கீழருந்து வந்த மறுநாளும் உன் பக்கத்துலதான் அறுத்தேன். உனக்கு ஒட்டாம வுட்டானே சாமி... அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு."

குழந்தையை வாங்கிக் கொஞ்சினேன். பொங்கலைக் கொடுத்தேன். காலி வாளியோடு வீடு வந்து சேர்ந்தேன். கோழை! வேறென்ன பெயர் எனக்கு?

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. லீவில் வந்தால் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறது. இன்றுவரை அக்கா அதைத் தூக்கியதில்லை. நான் வாயைத் திறந்தால் தூக்குவாள்...

இன்னும் நான் திறக்கவில்லை.