பந்தி முடியும் வரை வாசித்தேன்

போன ஆவணியில், கறம்பக்குடியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டு மதியப் பந்தியில் நடந்தது இது. முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். திருவிழா ஸ்பீக்கர்கள் காதைப் பதம் பார்த்துவிட்டதால், இப்போது மண்டபங்களில் ஜனங்கள் சாப்பிடும்போது மெதுவாக வாசிக்கும் வேலையை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்று பெண்ணின் அம்மா வந்து, "அண்ணே, கொஞ்சம் சத்தத்தக் குறைங்க" என்றார். குறைத்தேன். சாம்பார் வருவதற்குள் மறுபடியும் வந்து அதையே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"வேணும்னா நிப்பாட்டிரட்டுமாம்மா?"

"ஐயோ, நிப்பாட்டிராதீங்க!" என்று பதறினார். "அங்கிட்டு கடைசி வரிசையில இருக்காங்கள்ல, ரெண்டு பேரும் என் கூடப் பொறந்தவங்க. வரப்புத் தகராறுல நாலு வருசமாப் பேச்சு இல்ல. எம்மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர ரெண்டு பேரும் சேந்து கொண்டாரணும். அதான் பக்கத்து பக்கத்து எலையில உக்கார வச்சிருக்கேன். சத்தமா வாசிச்சா அவங்க பேச முடியாது. வாசிக்கவே இல்லன்னா ஊரே காது குடுக்கும்ணே."

அதற்குப் பிறகு என் கண் அந்த இரண்டு இலைகளை விட்டு நகரவில்லை. ரசம் வந்தது, பேச்சில்லை. பாயசம் வந்தபோது தம்பி வேண்டாமென்று கையை ஆட்டினார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். பேசப் போகிறாரா, இல்லையா? வேடிக்கை பார்த்ததில் என்னை மறந்துவிட்டேன். கை பழைய மேடைப் பழக்கத்தில் பாட்டை ஓங்கி முடித்து, கைதட்டலுக்காக நின்றது.

மண்டபமே அமைதியானது. அந்த அமைதியில் அண்ணனின் குரல் மட்டும் கேட்டது:

"ஒனக்கு எப்பருந்துடா சுகரு?"

அத்தனை தலைகளும் திரும்பின. அண்ணன் முகம் சிவந்து, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடி எழுந்திருக்கப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. கைக்குக் கிடைத்த சுரத்தில் அவசரமாக ஆரம்பித்தேன். நல்லவேளை, ஜனங்கள் அவரவர் இலைக்குத் திரும்பினார்கள். தம்பி, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்து ஏதோ சொன்னார். அண்ணன் ஏதோ கேட்டார். தம்பி மறுபடியும் ஏதோ சொன்னார்.

அந்த வரிசையில் மற்ற இலைகளை எடுத்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஆயிரம் பேர் கைதட்டிய மேடைகளைவிட, அண்ணனும் தம்பியும் என்னைத் துளிக்கூடக் கவனிக்காத அந்த அரைமணி நேரத்தைத்தான் என் நல்ல வாசிப்பு என்று நினைத்துக்கொள்கிறேன்.