கைத்தட்டலுக்கு வாங்கிய கார்

எங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்கியதற்குக் காரணம் கேட்பவர்களிடம் என் வீட்டுக்காரர் பூமி சூடாவதைப் பற்றிப் பேசுவார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். உண்மைக் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் ஒரு பட்டிமன்றத்தில் ஜெயித்துவிட்டார்.

அதற்கு முன்னால் எங்களிடம் பெட்டி மாதிரி உயரமான ஒரு பெட்ரோல் கார் இருந்தது. பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் பிள்ளைகள் அதை ரொட்டி கார் என்பார்கள். அதை அதிகம் ஓட்டியது நான்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நெரிசலுக்கு முன்னால் மலேசிய எல்லைப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று விடியுமுன் கிளம்பி, குளுவாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவேன்.

அக்கா கல்யாணமாகி மலேசியாவுக்குப் போனவள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகனுக்கு கோலாலம்பூரில் வேலை. அக்காவுக்கு இதயம் பலவீனம், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். கால்கள் இரண்டும் தூண் போல வீங்கியிருக்கும். பார்ப்பவர்கள் குண்டு என்பார்கள். அவள் சாப்பிடுவதோ ஒரு கைப்பிடிச் சோறு. இங்கே தேக்கா சந்தை மாடியில் அவளுக்கு ஜாக்கெட் தைக்கும் தையல்காரர், ஒவ்வொரு முறையும் பழைய அளவைப் பார்த்துவிட்டு, "கை இன்னும் லூசா வைக்கணுமாக்கா?" என்று தணிந்த குரலில் கேட்பார். நானும் தணிந்த குரலில் ஆமாம் என்பேன்.

அக்கா வீட்டை விட்டு வெளியே வருவது என் காரில் மட்டும்தான். வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்களே தவிர இறங்கி வந்து காலைத் தூக்கிவிட மாட்டார்கள். எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளுவேன். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரிப்பேன். அக்கா காருக்கு முதுகைக் காட்டி நின்று அப்படியே உட்காருவாள். அந்த சீட் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. பிறகு அவளுடைய கால்களை ஒவ்வொன்றாக நான் தூக்கி உள்ளே வைக்க, பை வழுக்கி அவளை முன்பக்கம் திருப்பிவிடும். "ஏறியாச்சு, போலாம்" என்பாள், என்னமோ விமானத்தில் ஏறியவள் மாதிரி.

முதலில் டாக்டர். அப்புறம் டவுனில் ஒரு சுற்று, காரிலேயே உட்கார்ந்து காப்பி. அந்த அரைநாளுக்காக அவள் பதினைந்து நாள் காத்திருப்பாள். புடவை கட்டி, பவுடர் போட்டு, நான் போகும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

ரொட்டி காரின் பத்து வருட உரிமைச் சான்றிதழ் முடியப்போகும் சமயம் அது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பத்து வருடமானதும், நல்ல காராக இருந்தாலும் சான்றிதழை நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் காரைக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் ஐந்து வருடம் நீட்டிப்பதாக முடிவு செய்திருந்தோம். "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே" என்று சொன்னவர் என் வீட்டுக்காரர்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். இன்றைய குடும்பத்துக்கு ஏற்றது பெட்ரோல் காரா, மின்சாரக் காரா? இவர் இருபது வருடமாக மேடையேறுகிறவர். பகலில் கப்பல் பட்டறை அலுவலகத்தில் சத்தமே போடாத மனிதர், மைக்கைக் கண்டால் ஆளே மாறிவிடுவார். எந்த அணி என்பதை ஏற்பாட்டாளர்கள்தான் முடிவு செய்தார்கள். இவருக்கு மின்சார அணி விழுந்தது. பெட்ரோல் அணி கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ரொட்டி கார் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஆட்களின் பட்டிமன்றம் எப்படியிருக்கும் என்று தெரியுமே. தலைப்பு எதுவானாலும் பேச்சாளர் தன் மனைவியை நாலு வார்த்தை வார வேண்டும், மனைவி வீட்டாரை இரண்டு தட்டு தட்ட வேண்டும். அப்போதுதான் பின்வரிசை விழித்திருக்கும். மனைவி முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது வருடம் வாங்கியிருக்கிறேன். என் சமையல், என் தூக்கம், நான் கார் ஓட்டும் அழகு, எல்லாம் மேடையேறியிருக்கிறது. மரத்துப்போய்விட்டது.

அன்றைக்கு இவர் புகை, வெப்பம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று கொஞ்ச நேரம் பேசினார். கூட்டம் கொட்டாவி விட்டது. உடனே என் பக்கம் திரும்பினார்.

"நடுவர் அவர்களே, எங்க வீட்டு கார் சிங்கப்பூருக்குள்ள ஒழுங்காத்தான் ஓடும். குளுவாங் போனா மட்டும் மூச்சு வாங்கும். ஏன்னு பாத்தா, முன்சீட்டுல என் மனைவியோட அக்கா." கொஞ்சம் நிறுத்தினார். நிறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். "அவங்க ஏறி உக்காந்ததும் பெட்ரோல் முள்ளு பயந்துபோய் தானா கீழ இறங்கிடும். அவங்க ஒருத்தருக்காகவே நாங்க மின்சாரத்துக்கு மாறியாகணும்!"

மன்றம் அதிர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நடுவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். முன்வரிசையில் எல்லாரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் வேறு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு மின்சாரக் காருக்கே. பொன்னாடை போட்டார்கள். வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. லிஃப்டில், காப்பிக் கடையில், கோயிலில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி. "அண்ணே, அவ்ளோ பேசினீங்க, நீங்க எப்ப மாறப் போறீங்க?" பொங்கோலில் இருக்கும் இவருடைய நண்பர் ஒருவர், "மேடையில கரண்ட்டு, வீட்டுல பெட்ரோலா லா?" என்று கேட்டுவிட்டார். அதோடு ஐந்து வருட நீட்டிப்பு போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையிலிருந்து வந்து, "புக் பண்ணிட்டேன், சனிக்கிழமை வந்து கலர் மட்டும் பாரு" என்றார்.

விற்பனைக்கூடத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. "சீட் இவ்வளவு தாழ்வா இருக்கே, அக்கா எப்படி ஏறுவாங்க?" விற்பனைக்கு நின்ற பையன் பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று விளக்க ஆரம்பித்தான். இவர், "அதெல்லாம் பழகிடும்" என்றார். யாருக்குப் பழகும் என்று சொல்லவில்லை.

கார் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல கார். சத்தமில்லை, நாற்றமில்லை, தண்ணீரில் போவது மாதிரிப் போகிறது. உலகம் முழுக்க இதற்குத்தான் மாறப்போகிறது என்றால் மாறட்டும், நான் குறுக்கே படுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு குடும்பம் மாற வேண்டுமா என்ற கேள்வியை அந்தக் குடும்பத்தில் வைத்தல்லவா கேட்க வேண்டும்? யார் ஓட்டுகிறார்கள், யாரை ஏற்றுகிறார்கள், எங்கே போகிறார்கள்? எங்கள் வீட்டில் அதை நானூறு பேர் கைதட்டி முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் காரில் ஏறியதில்லை.

மேடையில் இவர், "வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கலாம், போனுக்குப் போடற மாதிரி" என்று முழங்கியிருந்தார். எங்கள் வீடு ஒன்பதாம் மாடி. எதிரணி அதை மட்டும் கேட்டிருந்தால் ஆள் காலி. கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போடும் இடங்கள் ஒரே தளத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சார்ஜ் முடிந்தும் சிலர் காரை எடுப்பதில்லை. இவர் அரைக்கால்சட்டையோடு கீழே போவதும், முறைத்துக்கொண்டு மேலே வருவதும், புளோக் வாட்ஸ்அப் குழுவில் இடம் பிடித்து வைத்திருப்பவரோடு சண்டை போடுவதுமாக எங்கள் மாலைகள் போயின. பட்டிமன்ற வாய் அந்தக் குழுவில் செல்லுபடியாகவில்லை.

முதல் சனிக்கிழமை சார்ஜ் போதவில்லை என்றார். நான் போகாமல் இருந்தேன். அடுத்த முறை பாலத்தில் நெரிசல், ஏர்கான் போட்டுக்கொண்டே நின்றால் திரும்பி வர முடியாது என்றார். இவருக்கே அந்தக் காரின் மேல் நம்பிக்கையில்லை. அதை வெளியே சொல்லவும் முடியாது, பொன்னாடை வாங்கியவரல்லவா? "மலேசியாவுலயும் வழியில சார்ஜ் போடலாம்னு மேடையில சொன்னீங்களே" என்றேன். "சொல்றது வேற" என்றார்.

இரண்டு முறையும் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "பரவால்லம்மா, பாத்து செய்யுங்க" என்று சட்டென்று வைத்துவிட்டாள். போனை எடுத்தால் வைக்கத் தெரியாதவள் அக்கா. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். கார் கவலையில் அதைக் கோட்டைவிட்டேன்.

மூன்றாம் முறை போயே தீருவேன் என்று நின்றேன். இவரும் கூட வந்தார், காரை என்னிடம் தனியாகக் கொடுக்க மனமில்லாமல். தேக்காவில் தைத்து வாங்கிய இரண்டு ஜாக்கெட்டும், மடித்த பிளாஸ்டிக் பையும் என் மடியில் இருந்தன. ஒரு சிக்கலும் இல்லாமல் குளுவாங் போய்ச் சேர்ந்தோம். பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சமிருந்தது. இத்தனை நாள் பயந்தது வீண். இவர் முகத்தில் மறுபடியும் அந்த மேடைக் களை வந்தது.

வாசலில் நாற்காலி இல்லை. அக்கா உள்ளே கட்டிலில் நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பவுடர் இல்லை.

"வாங்க தம்பி, உக்காருங்க. காப்பித் தண்ணி கலக்கறேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டு எழ முயன்றாள்.

"தண்ணி அப்புறம் குடிக்கலாம். டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கு, கிளம்புக்கா" என்றேன்.

"நான் வரலம்மா."

"ஏன்?"

அவள் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துச் சொன்னாள். "புது வண்டி. நான் ஏறினா கரண்ட்டும் பயந்துடும்ல தம்பி."

குரலில் துளிக் கோபமில்லை. பட்டிமன்ற வீடியோவை அவள் மகன் கோலாலம்பூரிலிருந்து அனுப்பியிருக்கிறான், சித்தப்பா எப்படிப் பேசுகிறார் பாருங்கள் என்று. அவன் அதை முழுதும் பார்த்திருக்கவே மாட்டான். அக்கா முழுதும் பார்த்திருக்கிறாள். ஒரு முறை இல்லை, பல முறை.

இவருக்கு முகம் செத்துவிட்டது. "அது சும்மா கூட்டத்துக்காகக்கா. ஜோக்கு."

"தெரியும் தம்பி. நல்லாத்தான் பேசினீங்க."

இவர், காரைப் பார்த்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். எங்கே நிறுத்தினாலும் பேசுகிற மனிதர். அன்றைக்குப் பேச வேண்டிய ஒரே இடத்தில் பேச்சு வரவில்லை. நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, இவரைத் திட்டித் தீர்த்தேன். அறிவுகெட்ட மனுஷன் என்றேன், கைத்தட்டலுக்குப் பெண்டாட்டியையும் விற்பார் என்றேன். வருடக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

அக்கா முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு புது ஜாக்கெட்டை எடுத்துக் கையில் அளவு பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவர ஏன்டி வையற? அவரு மேடைக்காரரு, அப்படித்தான் பேசுவாரு. அந்த வீடியோவுல நடுவுல உன்னையும் காட்டறான். பச்சைப் பட்டு கட்டியிருக்க. நீயும் சிரிக்கிற."

அவள் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்த கை என்னுடையது. அந்தக் காலின் எடையைச் சொல்லி ஊரே சிரித்தபோது கூடச் சிரித்த வாயும் என்னுடையதுதான்.

அன்றைக்கு அவள் காரில் ஏறவில்லை. அதற்குப் பிறகும் ஏறவில்லை. இப்போது நான் பேருந்தில் போய் வருகிறேன். பேசுகிறோம், சமைத்துக் கொடுக்கிறேன், காலுக்கு எண்ணெய் தடவிவிடுகிறேன். டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லி ஏற்பாடாகிவிட்டது. அக்கா டவுனைப் பார்த்து வெகு நாளாகிறது. இங்கே கார் கீழே முழு சார்ஜோடு நிற்கிறது. அன்றைக்குத் திரும்பும்போது அதன் முன்சீட்டின் கீழே செருகிய பிளாஸ்டிக் பையை நான் இன்னும் எடுக்கவில்லை.