பஞ்சாரத்தில் ஒன்பது தேவாங்குகள்

எங்கள் பெரியப்பா தேவாங்குகளைக் காப்பாற்ற ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தில் வரும் தேவாங்குகளைப் பிடித்துவரச் சொன்னது நான்தான். இத்தனை வருடம் கழித்துச் சொல்வதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். விளாங்குடியில் பெரியப்பாவும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். எனக்குப் பத்து வயது. கையும் காலும் குச்சியாக, கண் மட்டும் பெரிதாக இருப்பேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் பக்கம் தேவாங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே நிஜமான தேவாங்கைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அதன்மேல் ஒரு கோபம் இருந்தது.

மேலூரைத் தாண்டி ஓர் ஊரில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விவசாயம் பார்த்துவந்தார். அந்த ஊருக்கு வெளியே, கல் உடைக்கும் குன்றின் அடியில், ஒரு முட்புதர்க்காடு. தாயத்து விற்கிறவர்களும் கண் மருந்து விற்கிறவர்களும் பிடித்துப் பிடித்து மற்ற இடங்களில் தேவாங்கு அருகிவிட்டது, இங்கேதான் கொஞ்சம் மிச்சம் என்று பெரியப்பா கண்டுபிடித்திருந்தார். அதைப் படமெடுத்து ஊர் ஊராகக் காட்டினால் ஜனங்கள் மனசு இரங்குவார்கள் என்று நம்பினார். சாவி கொடுத்து ஓட்டும் கேமரா ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கினார். ஃபிலிம் மூன்று சுருள். ஒரு சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாது.

தேவாங்கு பகலெல்லாம் புதருக்குள் சுருண்டு தூங்கும், இருட்டினால்தான் நடமாடும். அந்த ஃபிலிமுக்கோ வெயில் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பெரியப்பா மாட்டிக்கொண்டார். சம்பந்தி வீட்டுக்குத் தனியாகப் போய் நிற்கக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனதால் நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு பஸ் மாறி, வரப்பில் நடந்து, புதருக்கு முன்னால் உட்காருவோம். கிளையை ஒதுக்கக் கூடாது, கல் எறியக் கூடாது, அது இருக்கிற இடத்தில் இருக்கிறபடி எடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆறு சனிக்கிழமைகள் போனோம். இலைக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை தெரியும். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் பத்தாது" என்று இறக்கிவிடுவார். சாயங்காலம் சட்டையெல்லாம் முள் கிழித்து, பஸ் ஏறுவோம். தெருப்பிள்ளைகளெல்லாம் பாண்டி ஆடிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் வாரவாரம் இந்தத் தண்டனை.

ஆறாவது வாரம் மாமாவிடம் குமுறிவிட்டேன். "பெரியப்பா வாரவாரம் வெறுங்கையோட போறாரு மாமா. ஒண்ணு கெடைச்சிட்டா நான் வர வேணாம்."

எனக்கு முக்கியம் இரண்டாவது வாக்கியம். மாமாவுக்குச் சுருக்கென்று தைத்தது முதலாவது.

"சம்பந்தி வீட்டு ஆளு நம்ம ஊருக்கு வந்து வெறுங்கையோடயா போறாரு? ஏன் ஆத்தா இம்புட்டு நாளா சொல்லல?" என்றார்.

மாசி மாதம் பாரிவேட்டை என்று ஊரே திரண்டு முயல் வேட்டைக்குப் போவது அங்கே வழக்கம். நாலு பக்கமும் வலை கட்டி, புதரைத் தட்டி, உள்ளே இருப்பதை வெளியே விரட்டுவார்கள். மாமா மாசிவரை காத்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். கோழி அடைக்கும் பஞ்சாரத்தின்மேல் ஈரச்சாக்கு போட்டிருந்தது. கைகளில் முள் கீறிய பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தபடி நின்றார்கள்.

"வாங்க மச்சான். ஒண்ணுக்கு ஒன்பதா இருக்கு. வேணுங்கிற மட்டும் படம் எடுத்துக்கங்க" என்று மாமா சாக்கை விலக்கினார்.

பெரியப்பா குனிந்து பார்த்தார். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றோடு விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று அசையவே இல்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அத்தனை பேர் சிரித்த முகமாக நிற்கும்போது சம்பந்தி வீட்டு விருந்தாளி என்ன சொல்ல முடியும்? "எதுக்கு மாப்ள இம்புட்டுச் சிரமம்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பையைத் திறந்து, கேமராவுக்குச் சாவி கொடுத்தார்.

நான் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மாமா ஒவ்வொன்றாகக் கிளையில் ஏற்றிவிட்டார். அவை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டன. மாமா சாக்கை நிழலாகப் பிடித்து, கண் திறந்ததும் சட்டென்று இழுத்தார். அந்த ஒரு நொடியைப் பெரியப்பா எடுத்தார். கேமராவின் முன்னால் நீலக்கண்ணாடி ஒன்றைப் பொருத்தியிருந்தார். படத்தில் பார்த்தால் நிலா வெளிச்சம் மாதிரி இருக்குமாம்.

மூன்று சுருளும் தீர்ந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனோம். காடு இல்லை. வலை கட்டுவதற்கும் தட்டுவதற்கும் தோதாகப் புதரை அடியோடு வெட்டியிருந்தார்கள். வெட்டிய முள்ளை வேலிக்கும் அடுப்புக்கும் கட்டுக்கட்டாகப் பிரித்தும் கொண்டுபோயிருந்தார்கள். ஓரத்தில் மூன்று கிளுவை மரம் நின்றது. பெரியப்பா எட்டையும் அவற்றில் ஏற்றிவிட்டு, செத்துப்போனதை ஒரு குழி பறித்துப் புதைத்தார். பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். நிலா வெளிச்சத்தில் தேவாங்கு பெரிய கண்ணால் எங்களையே பார்த்தது. 'யாருக்கும் தீங்கு செய்யாத இந்தப் பிராணி வாழும் புதரை வெட்டாதீர்கள்' என்று டேப் ரிக்கார்டரில் பெரியப்பாவின் குரல் கேட்டது. திரையின் ஓரத்தில் கிளையைப் பிடித்திருந்த என் நாலு விரலும் தெரிந்தன. பக்கத்துப் பெண்ணை இடித்து இடித்துக் காட்டினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. படம் பல ஊர்களுக்குப் போனது. மாமா ஊரில் காட்டியபோது அவரே கண் கலங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு தாயத்துக்காரர்கள் யாரையும் அவர் அந்தக் குன்றுப் பக்கம் அண்டவிட்டதில்லை. காவலுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் சனிக்கிழமைகளில் பாண்டி ஆடினேன். பெரியப்பா மட்டும் போய்க்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர் திரும்பி வந்தபோது பையை வாங்கினேன். லேசாக இருந்தது, கேமராவைத்தான் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டாரே. உள்ளே தண்ணீர் பாட்டிலும் துண்டும்தான்.

"இன்னொரு படம் எடுக்கிறீங்களா பெரியப்பா?"

"இல்லத்தா. சும்மா பாத்துட்டு வாரேன்."

"இருந்துச்சா?"

"இல்ல. ஒண்ணுகூடக் கண்ணுல படல."

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு உதவ என் ஒருத்தியால்தான் முடியும் என்றும் தோன்றியது.

"மாமாகிட்ட நான் சொல்லவா? அவரு பிடிச்சுத் தருவாரு" என்றேன்.

பெரியப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார். இவ்வளவு சுலபமான வழி சொல்லியும் காதில் வாங்காமல் போகிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.