வெந்நீர்க் குழாய்க்கு உறை

காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் நினைவு வருவது என் வலது தோள்பட்டைதான். சாமி நினைப்பெல்லாம் அதற்கப்புறம். கையைத் தூக்கிப் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு வலி என்று தெரிந்துகொண்டுதான் எழுந்திருப்பேன்.

மலைமேல் அரவேணுவில் எங்கள் வீட்டுக்குச் சமையலறை ஒரு கோடி, குளியலறை மறு கோடி. நடுவில் இருக்கும் நீள அறையில் என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். தேயிலை லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சமையலறையில் விறகு பாய்லர் இருக்கிறது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைப் போட்டு எரித்தால், அதன் வெந்நீர் இரும்புக் குழாய் வழியாக அவர் கட்டிலை ஒட்டிய சுவரோடு ஓடிக் குளியலறை அண்டாவில் விழும். நூல் மாதிரிதான் விழும். அண்டா நிறைவதற்குள் அவர் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுவிடலாம். கொதிக்கக் கொதிக்கக் கிளம்பிய தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது வெதுவெதுவென்று ஆகியிருக்கும். இந்தக் குளிரில் அதை அவர் மேல் ஊற்ற முடியாது. பாய்லரிலிருந்தே ஒரு பக்கெட் பிடித்து, வீட்டின் நீளம் முழுக்கத் தூக்கிப் போய் நான் அதில் கலக்க வேண்டும். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் யார் தூக்குவது என்று அவர் சொல்லவில்லை.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

“ஏம்மா, எரிக்கிற சூடு பூராச் செவுத்துக்குத்தான் போகுது. ஏசி பைப்புக்குப் போடற கறுப்பு ஸ்பாஞ்ச வாங்கிச் சுத்திட்டாப் போதும். நீ எதையும் தூக்க வேண்டியதில்ல.”

கோயமுத்தூரில் சுவர் சுட்டால் தண்டம்தான். இங்கே கதை வேறு. குளிரில் அவருடைய வலது கை விரல்கள் மூடிக்கொண்டே விடியும். அண்டாவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் குழாய் சூடேறும். அவர் அதன் மேல் துண்டை மடித்துப் போட்டு, இடது கையால் வலது கையை இழுத்து அதில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் இளகும். ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போடும் அளவுக்கு இளகும். இடது கையால் சாப்பிடவே மாட்டார். இங்க யாருங்க பாக்கறாங்க என்று கேட்டதற்கு, “சோத்துக்குத் தெரியுமில்ல” என்றார்.

அதனால் மகனிடம் யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னேன். கட்டிலிலிருந்து அவர்தான் குரல் கொடுத்தார்.

“போட்டுரு சாமி. உங்கம்மா தோளும் போச்சுன்னா ரெண்டு பேரும் படுத்துக்க வேண்டியதுதான்.”

அவர் வாயால் அது வரட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

உறை போட்ட மறுநாள் அண்டாவில் ஆவி பறந்தது. கையை விட்டுப் பார்த்து அப்படியே நின்றேன். அழுகை வந்துவிட்டது. துக்கம் இல்லை. தூக்க வேண்டாம் என்ற நிம்மதி, அவ்வளவுதான்.

இட்லித் தட்டோடு போனால், விரல் திறக்கவில்லை. நான் பிய்த்து ஊட்டினேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றார். அடுத்த நாள் வெந்நீர்ப் பை கொண்டுவந்து கையில் வைத்தேன். விரல் கொஞ்சம் இளகியது. ஆனால் நான் விரல்களை நீவிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு வெளியே எடுக்கவே இல்லை.

“ஏனுங்க, இட்லி?”

“பசிக்கல அம்மிணி.”

பசிக்காமல் என்ன! குளிப்பாட்டுவது நான், துடைப்பது நான், சட்டை மாட்டுவது நான். குழாயில் கையை வைப்பது ஒன்றுதான் அந்த மனுஷன் தானாகச் செய்துகொண்டிருந்தது. அதற்குத்தான் நாங்கள் உறை போட்டு வைத்திருந்தோம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. காய்கறிக் கத்தியை எடுத்துவந்து, கட்டில் நீளத்துக்கு ஸ்பாஞ்சை அறுத்து எறிந்தேன். குழாயில் பெரும்பகுதி அந்த நீளம்தான். மிச்சத்தில் உறை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

“ஏன் அம்மிணி, உன்ற தோளு?”

“என்ற தோளை நான் பாத்துக்கறேன். நீங்க கையை வெய்யுங்க.”

துண்டை மடித்துக் குழாய் மேல் போட்டார். எத்தனை நேரம் ஆயிற்றோ. சுண்டுவிரல் முதலில் அசைந்தது. இட்லியைப் பிய்த்தபோது பாதி போர்வையில் உதிர்ந்தது. உதிர்ந்ததையும் பொறுக்கித் தின்றார். இரண்டாவது இட்லி வை என்று அவரே கேட்டார்.

வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், பாய்லரிலிருந்து பக்கெட் பிடித்துத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது.