மனைவியின் ரிவால்வரில் சிவப்புப் புள்ளி

ஒவ்வொரு தடவையும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுத்துச் சுட வேண்டிய ரிவால்வர் அது. ஐம்பது வயதுக்குப் பிறகு அதன் குழல் நுனியிலுள்ள முன்குறி என் மனைவிக்கு மங்கலாகத் தெரிந்தது. துப்பாக்கிக் கழகத்தை விட்டுவிட அவள் யோசித்தாள். சிவப்புப் புள்ளி காட்டும் சிறிய குறிக்கண்ணாடி ஒன்றை வாங்கி, ரோவில் புறநகரிலுள்ள எங்கள் வீட்டில் வைத்து நானே பொருத்தினேன்.

சனிக்கிழமை கழகத்தில் அவள் சுட்டபோது, முதல் சில தோட்டாக்கள் இலக்கின் நடுவில் பட்டன. பிறகு ஒவ்வொன்றாக வலப்பக்கம் விலகின.

“என்ர கண் பழுதாப் போட்டுதப்பா. இதை வித்துப்போட்டு வீட்ட இருப்பம்.”

தோட்டாக்களை அகற்றிவிட்டுக் குறிக்கண்ணாடியைத் தொட்டேன், அது ஆடியது. சுட்ட அதிர்வில் திருகாணிகள் தளர்ந்திருந்தன.

“கண்ணில பிழையில்லை, திருகாணிதான்,” என்றேன்.

“பூட்டினது ஆர்? எஞ்சினியர் ஐயாவெல்லோ!”

திருகாணிகளில் பசை தடவி இறுக்கி, மறுவாரம் போனோம். ஆறு தோட்டாக்களும் நடுவட்டத்துக்குள் விழுந்தன.

“இன்னொரு பெட்டி தோட்டா எடுங்கோ,” என்றாள், இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.