மஞ்சள் படாத முனை

இராஜாங்கம் தாத்தாவாகி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. குத்தாலம் கடைத்தெருவில் யாராவது "சாப்டாச்சா?" என்று கேட்டால்கூட, பேத்தி பிறந்தபோது மூன்று கிலோ இருநூறு இருந்தாள் என்றுதான் பதில் சொல்வார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

மகள் தமிழ்நிலா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை சீர்காழியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து, குழந்தைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவதாக ஏற்பாடு. தாயைப் பெற்றவள்தான் குழந்தையை முதலில் தொட்டிலில் இடவேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஆகவே தொட்டில் இராஜாங்கத்தின் வேலை, குழந்தையை இடுவது அவர் மனைவி அமிர்தத்தின் வேலை என்று பேச்சில்லாமலே முடிவாகியிருந்தது.

இராஜாங்கத்துக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதில் அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்தார். பிறகு மஸ்கட்டில் ஒரு மரப்பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பத்தொன்பது வருஷத்தில் மெஷினில் மரம் அறுக்கிற ஆளாகி ஊர் திரும்பினார். கூட வேலை பார்த்தவர்களில் மூன்று பேருக்கு விரல் போனதைக் கண்ணால் பார்த்தவர். தன் பத்து விரலும் முழுசாக ஊர் வந்து சேர்ந்ததை, மற்றவர்கள் கொண்டு வந்த தங்கத்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்வார்.

ஊருக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. மாடு விற்ற பிறகு காலியாய்க் கிடந்த கொட்டகையைப் பட்டறையாக்கினார். தமிழ்நிலா ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் நர்ஸ். வாரத்துக்கு ஒரு கையாவது துணி சுற்றி வருவதைப் பார்க்கிறவள். அவள்தான் அப்பாவின் பழைய ரம்பத்தைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, பிரேக் வைத்த டேபிள் சா என்கிற மேஜை ரம்ப மெஷினை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தாள். சுற்றுகிற பிளேடில் விரல் பட்டால் கண் இமைக்கிற நேரத்தில் நின்றுவிடும். கூட வந்த புத்தகத்தை அவளே தமிழில் படித்துச் சொன்னாள். ஈர மரமோ ஆணியோ பட்டாலும் பிரேக் விழுந்துவிடும். ஒருதரம் விழுந்தால் உள்ளே இருக்கிற பிரேக் பெட்டியும் பிளேடும் காலி. புதுப் பெட்டி வர ஒரு மாசம் ஆகும்.

திங்கட்கிழமை காலையில் நன்றாகக் காய்ந்த பூவரசம் பலகையை மெஷின்மேல் ஏற்றினார். முதல் வெட்டுக்கு முன்னால் அமிர்தம் குளித்துவிட்டு வந்து, மஞ்சளைக் குழைத்துப் பலகையின் ஒரு முனை முழுக்கத் தடவிக் குங்குமம் வைத்தாள். பிள்ளைக்குச் செய்கிற சாமான், மஞ்சள் இல்லாமல் தொடங்கக்கூடாது என்றாள். அவரும் சரி என்று மஞ்சள் முனையையே முன்னால் வைத்து அறுக்க ஆரம்பித்தார். தொட்டிலுக்குப் பதினாறு சட்டம் வேண்டும். பதினொன்று அறுத்தாயிற்று. பன்னிரண்டாவது சட்டம் முடியப் போகிற நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது.

படாரென்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தார். பார்த்தால் பிளேடைக் காணவில்லை, மேஜைக்கு அடியில் இறங்கிவிட்டிருந்தது. கையைப் பார்த்தார். பத்தும் இருந்தன. அடுத்தது அவர் கண்ணில் பட்டது பலகையிலிருந்த மஞ்சள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அமிர்தத்திடம் அவர் சொன்னார்: "ஈரம் ஆகாதுன்னு புள்ள படிச்சுப் படிச்சு சொன்னுச்சே. உன் கை பட்டுத்தான் எல்லாம் கெட்டுச்சு."

அமிர்தம் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தமிழ்நிலாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பதினோராம் நாள் இல்லாமல் போனது. இராஜாங்கம் அப்போது மஸ்கட்டில் இருந்தார். அந்தத் துக்கத்தில் உறவுக்காரி ஒருத்தி, இவள் கை ராசியில்லாத கை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊரே அதை மறந்துவிட்டது. அமிர்தம் மறக்கவில்லை. புருஷன் வாயிலிருந்தும் அதே கையைப் பற்றிப் பேச்சு வந்தவுடன், சாயங்காலமே மகளிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா பிள்ளையைத் தொட்டிலில் போடட்டும், என் கை வேண்டாம்.

இராஜாங்கம் ஆடிப்போனார். மறுநாள் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அவள் அதைச் சாமி படத்துக்குப் போட்டாள். கோபத்தில் வந்துவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பரவாயில்லைங்க, நடந்ததைத்தானே சொன்னீங்க என்றாள். மஞ்சளால்தான் பிரேக் விழுந்தது என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு ரெத்தினம், மிச்சச் சட்டங்களைக் கைரம்பத்தால் அறுக்க உதவிக்கு வந்தான். மர மில்லில் வேலை பார்த்து இடது கையில் இரண்டு விரலை விட்டவன். முதல் காரியமாக மெஷினைத் திறந்து பார்த்தான். பிளேடின் பல் பிரேக் பெட்டிக்குள் வெல்லக்கட்டியில் குத்தினதுபோல இறங்கியிருந்தது. பிறகு பலகையைத் தூக்கி இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, மஞ்ச முனையத்தானே முன்னால வச்சு விட்டீங்க?"

"ஆமா."

"அந்த முனை பன்னெண்டு தடவ பிளேடத் தாண்டிப் போயிருக்கு. மொத வெட்டுல பச்சை ஈரமா இருக்கும். அப்பல்லாம் விழாத பிரேக்கு, கடைசியில வால் முனையில வந்து விழுந்துருக்கு. இங்க மஞ்சளே இல்லையே. இங்க என்னண்ணே இருந்துச்சு?"

"மரந்தான்."

"மரத்தத் தள்ளுன கையும் இருந்துச்சுல்ல. காட்டுங்க."

மரத்தைத் தள்ளுவதற்கென்று உள்ள தள்ளுகட்டை ஆணியில் மாட்டினது மாட்டினபடி தொங்கியது. குழந்தை அழுததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது இராஜாங்கத்துக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. வலது கட்டைவிரலின் காய்த்துப்போன தோலில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல், மரத்தூள் அடைத்து. மரச்சிலாம்பு கிழித்தது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ரெத்தினம் அந்த விரலைத் தன் மூன்று விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "என்னோட ரெண்டும் மரத்தூளோட போச்சு. உங்கள தொட்டுப் பாத்துட்டு விட்டுருச்சு" என்றான்.

இராஜாங்கம் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை கேட்ட சத்தத்துக்கு இன்றைக்குத்தான் உடம்பு நடுங்கியது. தண்ணீர் கொடுத்துவிட்டு ரெத்தினம், தான் வாயைத் திறக்க மாட்டேன் என்றான். அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. விஷயம் தெரிந்தால் தமிழ்நிலா கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். பத்து விரல் பெருமையும் அன்றோடு சரி. அமிர்தத்திடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

இராஜாங்கம் எழுந்து நேரே அடுப்படிக்குப் போனார்.

அமிர்தம் மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தமிழ்நிலா குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் கட்டைவிரலை நீட்டினார்.

"மஞ்சளால இல்ல அமிர்தம். இதாலதான். தள்ளுகட்டய எடுக்காம வெறுங்கையில தள்ளுனேன். என் தப்பு. உன் கையில ஒரு கொறையும் இல்ல."

தமிழ்நிலா விரலை இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் அழுத்திப் பார்த்தாள். தையல் வேண்டாம், ஊசி மட்டும் போட்டாகணும் என்றாள். சொல்லும்போது குரல் நர்ஸ் குரலாகத்தான் இருந்தது. கண் அப்படி இல்லை. கொட்டகைச் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அமிர்தம் அடுப்பைச் சின்னதாக்கினாள். "ரெண்டு நாளா என்னைச் சொன்னீங்களே. தெரிஞ்சேவா?"

"தெரியாது. இப்பத்தான் ரெத்தினம் காட்டுனான்."

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சமாச்சும் வலிக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் விட்டாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் போட்டு ரெத்தினத்தோடு வேலை பார்த்ததில் வெள்ளிக்கிழமைக்குள் தொட்டில் முடிந்தது. பதினாறில் நாலு சட்டம் கைரம்பத்தால் அறுத்தவை. உப்புத்தாள் போட்டு எவ்வளவு தேய்த்தும் லேசாக வளைந்துதான் நின்றன. சீர்காழிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கேட்காமலே இராஜாங்கம் எல்லோரிடமும் கட்டைவிரலைக் காட்டிக் கதையைச் சொன்னார். பேத்தியின் எடையைச் சொல்ல அன்றைக்கு மறந்தேபோனார். தாத்தாவின் விரலைப் பேத்தியின் அழுகை வாங்கப் பார்த்ததா, காப்பாற்றியதா என்று சம்பந்தி கேலி செய்தார். என் பெண் வாங்கிக் கொடுத்த பிரேக் பெட்டிதான் காப்பாற்றியது என்று இவர் சொன்னார்.

சூடம் ஏற்றியதும் எல்லோரும் கும்பிட்டார்கள். இராஜாங்கமும் கும்பிட்டார். சாமியோடு சேர்த்து மகளையும், ரெத்தினத்தையும், எந்த ஊரிலோ உட்கார்ந்து இப்படி ஒரு பிரேக்கை யோசித்த முகம் தெரியாத மனிதனையும் நினைத்துக்கொண்டார். அந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டி இருந்தால் நன்றாயிருக்கட்டும்.

கண்ணைத் திறந்தபோது சம்பந்தியம்மா குழந்தையை அமிர்தத்திடம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி அப்படியே போனது. பிறகு அமிர்தம் முன்னால் வந்து வாங்கினாள். இரண்டு கையாலும் தாங்கி, தொட்டிலில் விரித்திருந்த பழைய சேலைமேல் குழந்தையை இட்டாள். இட்ட பிறகும், பெண்கள் குலவை போட்டு முடிக்கிறவரை, அடியிலிருந்து கையை எடுக்கவில்லை.